ஒரே ஆள், ஐந்து வேலை: வீட்டு ஒலிப்பதிவு கேள்வி - பதில்

கேள்வி: நானே பாடி, நானே கிட்டார் வாசித்து, கம்ப்யூட்டரையும் நானே இயக்குகிறேன். கேபிள் மாட்டி, மைக்கை நகர்த்தி, சத்தம் சரிபார்த்து முடிப்பதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. பாட நிற்கும்போது தொண்டையும் மனசும் சோர்ந்துவிடுகின்றன. வேலைகளை எப்படிப் பிரித்துக்கொள்வது? — தனியாகப் பதிவு செய்யும் வாசகி

பதில்: மைக் வைப்பது, பாடுவது, நல்ல டேக்கை (ஒருமுறை பாடிப் பதிந்ததை) தேர்ந்தெடுத்து ஒட்டுவது, எல்லா டிராக்கையும் சமப்படுத்திச் சேர்த்து மிக்ஸ் செய்வது, கடைசி ஃபைலைத் தயாரிப்பது என்று ஸ்டுடியோவில் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளும் வேலைகள் இங்கே உங்கள் ஒருவர் தலையில். வேலை அதிகம் என்பதைவிட, இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்வதுதான் உங்களைச் சோர வைக்கிறது. பாடிக்கொண்டே ஒலியளவு மீட்டரைப் பார்த்தால் பாட்டும் கெடும், மீட்டரும் புரியாது. பாடும் நாளில் பாட்டைத் தவிர வேறு எதையும் முடிவு செய்ய வேண்டியிராதபடி எல்லாவற்றையும் முந்தைய நாளே முடித்துவிடுங்கள்.

முந்தைய நாள் மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதலில் மென்பொருளில் ஒரு டெம்ப்ளேட்: குரலுக்கு இரண்டு டிராக், கிட்டாருக்கு இரண்டு, வழிகாட்டி டிராக் ஒன்று, கிளிக் (தாளம் காட்டும் 'டிக்' சத்தம்) ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, எந்த இன்புட்டிலிருந்து வருகிறது என்பதையும் குறித்து டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள். அடுத்த பாட்டுக்கு அதைத் திறந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும். பிறகு பாட்டின் வேகத்தை முடிவு செய்து, கிட்டாரும் குரலுமாக ஒரு வழிகாட்டிப் பதிவு எடுங்கள். தரம் பற்றிக் கவலை வேண்டாம்; கடைசியில் அழித்துவிடப் போகிறோம். பல்லவி, சரணம், இடையிசை எங்கே தொடங்குகின்றன என்று டைம்லைனில் மார்க்கர் போட்டால், மறுநாள் 'இரண்டாம் சரணத்தின் மூன்றாவது வரி எங்கே' என்று தேட வேண்டியிருக்காது.

அடுத்தது மைக். நல்ல இடம் கிடைத்ததும் ஸ்டாண்டின் மூன்று கால்களும் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டுங்கள். உங்கள் பாதம் நிற்கும் இடத்துக்கும் ஒன்று. இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) கெய்ன் குமிழ், அதாவது மைக்கின் பதிவு அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், எங்கே இருக்கிறது என்று ஃபோனில் ஒரு படம் எடுங்கள். ஒரு வரியை மட்டும் திருத்திப் பாட அடுத்த வாரம் நிற்கும்போது, குரலின் நிறம் மாறாமல் ஒட்டுவதற்கு இந்த டேப்பும் படமும்தான் உதவும். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் 15 சென்டிமீட்டரிலிருந்து 8 ஆகக் குறைந்தாலே, கார்டியாய்டு மைக்கில் (முன்பக்கத்தை மட்டும் நன்றாகக் கேட்கும் வகை) அடித்தொண்டைச் சத்தம் வீங்கிவிடும். மிக்ஸில் அதைச் சரிசெய்ய முயன்றாலும் பக்கத்து வரியோடு முழுதாகப் பொருந்தாது.

பதிவு நாளில் கம்ப்யூட்டருக்கும் மைக்குக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்காதீர்கள். கம்பியில்லா நம்பர் பேட் ஒன்றைக் கையெட்டும் இடத்தில் வைத்து, மூன்று கட்டளைகளை மட்டும் அதில் ஒதுக்குங்கள்: பதிவு, நிறுத்து, முந்தைய மார்க்கருக்குப் போ. கிட்டாரிஸ்டுகளுக்குக் கால் பெடல் இன்னும் வசதி. கவுன்ட்-இன் (பதிவுக்கு முன் ஓடும் தாள எண்ணிக்கை) இரண்டு பார், அதாவது இரண்டு தாளச் சுற்று, வையுங்கள். பொத்தானை அழுத்திவிட்டு நின்று மூச்சு எடுக்க அந்த நேரம் வேண்டும். லூப் ரெக்கார்டிங்கை இயக்கினால் ஒரே சரணம் திரும்பத் திரும்ப ஓடி, ஒவ்வொரு சுற்றும் தனி டேக்காகச் சேமிக்கப்படும். கீபோர்டைத் தொடவே வேண்டாம்.

பாடும் வரிசை: முதலில் முழுப் பாட்டையும் நிறுத்தாமல் மூன்று முறை. பிழை வந்தாலும் தாண்டிப் போங்கள். உணர்ச்சி பெரும்பாலும் இந்த மூன்றில்தான் இருக்கும். பிறகுதான் வரிவரியாகத் திருத்தம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பாட வேண்டாம். அந்த நேரத்தில் ஈக்வலைசரையோ ரிவெர்ப் (எதிரொலி) வகைகளையோ திறக்கவும் கூடாது. ஹெட்போனுக்காகக் கொஞ்சம் ரிவெர்ப் வேண்டுமென்றால் டெம்ப்ளேட்டிலேயே ஒன்று போட்டு வைத்திருங்கள், அதோடு சரி.

கிட்டார் கம்பியை மாற்றுவதாக இருந்தால் முந்தைய நாளே மாற்றி, நன்றாக இழுத்துவிட்டு வையுங்கள். புதுக் கம்பி இளகிக்கொண்டே இருக்கும். அன்றே மாற்றினால் ஒவ்வொரு டேக்குக்கும் சுருதி இறங்கும். கேப்போ (கிட்டார் கழுத்தில் கம்பிகளை அழுத்தும் கிளிப்) மாட்டினால், மாட்டிய பிறகு இன்னொரு முறை சுருதி சேர்க்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிட்டு, கடைசியில் குரல்மேல் பழி போடுகிறார்கள்.

கேள்வி: பதிவு அளவு எவ்வளவு வைக்க வேண்டும்? மீட்டர் சிவப்பைத் தொடும் அளவுக்கு வைத்தால்தான் நல்ல தரம் என்று சொல்கிறார்களே?

பதில்: அது டேப் காலத்து அறிவுரை. டேப்பில் இரைச்சலை மூடுவதற்காக உரக்கப் பதிவு செய்தார்கள். 24 பிட் பதிவில் அந்தத் தேவை இல்லை. மிக உரத்த இடத்தில் பீக் -10 டெசிபல் அருகே, சராசரி -18 அருகே இருந்தால் போதும். மீட்டரின் உச்சியான பூஜ்யத்தைத் தாண்டினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுவிடும்; வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளும் முழுமையாக மீட்டுத் தராது. சரிபார்க்கும்போது எல்லோரும் சரணத்தை மெதுவாக முணுமுணுப்பார்கள். பாட்டின் உச்சஸ்தாயி வரியை முழுக்குரலில் பாடி கெய்னை வையுங்கள். உண்மையான டேக்கில் அதைவிட 3, 4 டெசிபல் கூடத்தான் வரும்.

கேள்வி: ஹெட்போனில் என் குரல் சற்றுத் தாமதமாகக் கேட்கிறது. பஃபரைக் குறைத்தால் கம்ப்யூட்டர் திணறி 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டேன்.

பதில்: பஃபர் என்பது கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்து வைத்துக்கொண்டு வேலை செய்யும் பொட்டலத்தின் அளவு. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சேம்பிள் (ஒலியின் சிறு மாதிரி) எடுக்கும்போது, 128 சேம்பிள் என்றால் 2.7 மில்லிசெகண்ட், 1024 என்றால் 21 மில்லிசெகண்ட். உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை என இரண்டு தடவை இந்தத் தாமதம் சேரும். அதற்குமேல் டிரைவரும் கன்வெர்ட்டரும் தம் பங்குக்குச் சில மில்லிசெகண்ட் சேர்க்கும். ஆகவே 1024 வைத்துக்கொண்டு பாடினால் 40 மில்லிசெகண்டுக்கு மேல் பின்தங்கிக் கேட்கும். யாராலும் தாளத்தில் பாட முடியாது.

பதிவு செய்யும்போது 64 அல்லது 128, மிக்ஸ் செய்யும்போது 512 அல்லது 1024 என்பது பழக்கமாகட்டும். 128-லேயே கம்ப்யூட்டர் திணறுகிறது என்றால், பதிவும் மிக்ஸும் ஒரே ப்ராஜெக்டில் கலந்துகிடக்கின்றன என்று அர்த்தம். இசைக்கருவி பிளக்-இன்களும் கனமான ரிவெர்பும் ஓடிக்கொண்டிருக்கும். அதுவரை செய்த பின்னணியை ஒரே ஸ்டீரியோ வேவ் ஃபைலாக எடுத்து, காலியான டெம்ப்ளேட்டில் போட்டு அதன்மேல் பாடுங்கள். பழைய லேப்டாப்பும் மூச்சு விடும். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் தயாரித்தவர்களின் ஏசியோ (ASIO, தாமதம் குறைந்த வகை) டிரைவரைத் தேர்வு செய்திருக்கிறீர்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

இதைவிட எளிய வழி டைரக்ட் மானிட்டரிங். இன்டர்ஃபேஸில் அந்தப் பெயரில் ஒரு பொத்தானோ, மிக்ஸ் என்று ஒரு குமிழோ இருக்கும். அதைத் திருப்பினால் மைக் ஒலி கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பாமல் நேராக ஹெட்போனுக்கு வரும். அப்போது மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் நேர்க்குரலும் தாமதக்குரலும் சேர்ந்து, குழாய்க்குள் பாடுவதுபோல் கேட்கும். வரும் புகார்களில் பாதிக்கு இதுதான் காரணம். புளூடூத் ஹெட்போனைப் பதிவுக்குப் பயன்படுத்தவே வேண்டாம். அதன் தாமதத்தை எந்த அமைப்பாலும் பதிவுக்கு ஏற்ற அளவுக்குக் குறைக்க முடியாது.

ஹெட்போனில் எல்லாம் சரியாகக் கேட்டும், பதிவான பிறகு குரல் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறதா? ஒரு சோதனை செய்யுங்கள். கிளிக்கை ஒரு டிராக்கில் ஓடவிட்டு, ஹெட்போனை மைக் வாயில் ஒட்டிவைத்து அதை இன்னொரு டிராக்கில் பதியுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு கிளிக்குக்கும் உள்ள இடைவெளி தெரியும். 96 சேம்பிள் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் 2 மில்லிசெகண்ட். மென்பொருளின் ரெக்கார்டிங் ஆஃப்செட் என்ற இடத்தில் அந்த எண்ணைக் கொடுத்துவிட்டால் இனி வரும் எல்லாப் பதிவும் தானே நேராக உட்காரும். பஃபரை மாற்றினால் சோதனையை மறுபடி செய்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரும் மைக்கும் ஒரே அறையில். லேப்டாப் ஃபேன் சத்தம் பதிவில் விழுகிறது. கிளிக் சத்தமும் கசிகிறது.

பதில்: கார்டியாய்டு மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். லேப்டாப்பை மைக்கின் முதுகுக்கு நேர் பின்னால், முடிந்த அளவு தள்ளி வையுங்கள். திரை உங்களைப் பார்த்தபடி இருக்கும். ஃபேன் மைக்குக்குக் கேட்காத திசையில் இருக்கும். பதிவுக்கு முன் மற்ற புரோகிராம்களை மூடினால் ஃபேனின் வேகமும் குறையும். சார்ஜரை மாட்டும்போது மட்டும் 'உம்ம்' என்று சத்தம் வந்தால் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் காரணம் மின்தரை (எர்த்) பிரச்சினை, மைக் அல்ல.

கனமான போர்வையையோ மெத்தையையோ எல்லோரும் மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். மைக் பார்ப்பது உங்களை. உங்களைத் தாண்டியுள்ள சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலிதான் நேராக அதற்குள் போகிறது. வெறும் சுவர் மூலையில் நிற்காதீர்கள்.

கிளிக் கசிவுக்கு மூடிய வகை ஹெட்போன் தேவை. ஒரு காதைத் திறந்துவைத்துப் பாடுபவர்கள், திறந்த பக்கத்துக்கு ஒலியே போகாதபடி பேனை (ஒலியை இடது, வலது பக்கம் நகர்த்தும் குமிழ்) ஒரு பக்கமாகத் திருப்பிவிடுங்கள். கிட்டாரின் கடைசி கார்டு அடங்கும் இடத்தில்தான் கிளிக் காட்டிக்கொடுக்கும். அந்தக் கார்டு தொடங்கிய உடனே கிளிக் நின்றுவிடும்படி ஆட்டோமேஷன் போட்டுவையுங்கள்.

கேள்வி: பாடிக்கொண்டே கிட்டார் வாசித்தால்தான் எனக்கு இயல்பாக வருகிறது. இரண்டு மைக் வைத்தேன். தனித்தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது, சேர்த்தால் மெலிந்துவிடுகிறது.

பதில்: உங்கள் குரல் இரண்டு மைக்கிலும் விழுகிறது, ஆனால் வெவ்வேறு நேரத்தில். ஒலி 34 சென்டிமீட்டர் போக ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் எடுக்கும். அந்த 1 மில்லிசெகண்ட் வித்தியாசத்தில் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகச் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. குரலின் சதை 500-ஐச் சுற்றித்தான் இருக்கிறது; அதனால்தான் மெலிவு.

மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்: குரல் மைக் வாயிலிருந்து 15 சென்டிமீட்டரில் இருந்தால், இரண்டாவது மைக் வாயிலிருந்து குறைந்தது 45 சென்டிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். கிட்டார் மைக்கைக் கழுத்தும் பெட்டியும் சேரும் இடத்தை நோக்கி, கிட்டாருக்கு 20 சென்டிமீட்டரில், முதுகு உங்கள் வாயைப் பார்க்கும்படி மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். ஒலித்துளைக்கு நேராக வைத்தால் 'பூம் பூம்' என்று அடிச்சத்தம் மட்டும் நிறையும். எட்டு வடிவ மைக் (முன்னும் பின்னும் கேட்கும் வகை) இருந்தால் இன்னும் நல்லது. அதன் பக்கவாட்டுக்குக் காதே கேட்காது. அந்தப் பக்கத்தை வாய்க்கு நேராகத் திருப்பிவிடலாம். பிறகு ஒரு டிராக்கின் போலாரிட்டியை (அலையின் மேல்-கீழ் திசையை) புரட்டிக் கேளுங்கள். எந்த நிலையில் குரல் கனமாக இருக்கிறதோ அதுதான் சரி.

இப்படி எடுத்தால் ஒன்றை மட்டும் திருத்த முடியாது. ஒரு வரி தப்பினால் கிட்டாரோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். அதற்குத் தயாரென்றால் செய்யுங்கள், பலனும் உண்டு.

கேள்வி: ஒரு பாட்டுக்கு ஏகப்பட்ட டேக் சேர்ந்துவிட்டது. எதை வைப்பது, எதை விடுவது? ஒட்டிய இடமும் 'டக்' என்று தெரிகிறது.

பதில்: பதிவு செய்த அன்றே தேர்வு செய்யாதீர்கள். பாடிய உழைப்பு காதில் இருக்கும்வரை, கஷ்டப்பட்டு எடுத்த டேக்தான் நல்ல டேக் என்று தோன்றும். ஒரு இரவு போகட்டும்.

பாடல் வரிகளைத் தாளில் அச்சிட்டு, ஓரத்தில் டேக் எண்ணுக்கு ஒரு கட்டம் போடுங்கள். திரையைப் பார்க்காமல் கேட்டு, வரிக்கு வரி குறியுங்கள்: சரி, சந்தேகம், வேண்டாம். எந்த டேக்கில் 'சரி' அதிகமோ அதுதான் அடித்தளம். மற்றவற்றிலிருந்து அது தவறிய வரிகளை மட்டும் எடுங்கள். டேக்குக்கு ஒரு வார்த்தையாகப் பொறுக்கி ஒட்டினால் சுருதி சுத்தமாக இருக்கும். பாடுவது யாரென்றே தெரியாது. ஐந்தாறு டேக்குக்கு மேல் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். மிச்சத்தை 'பழையது' என்ற ஃபோல்டருக்கு நகர்த்துங்கள்.

எங்கே வெட்டுவது என்பதில் தமிழ்ப் பாட்டுக்கு ஒரு வசதி இருக்கிறது. 'பக்கம்', 'காற்று', 'எட்டு' போன்ற சொற்களில் ஒற்று வரும்போது நாக்கு மூச்சை அடைத்து, கண நேரம் சத்தமே இருக்காது. பெரிதாக்கிப் பார்த்தால் அலை அந்த இடத்தில் தட்டையாகக் கிடக்கும். அங்கே வெட்டி 5 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேட் (ஒன்று அடங்க மற்றது எழும் இணைப்பு) போட்டால் யாருக்கும் தெரியாது. 'மழை', 'நிலாவில்' போன்ற சொற்களில் குரல் அறுபடாமல் ஓடும். நடுவில் வெட்டினால் நிச்சயம் தெரியும். வேறு வழியில்லை என்றால் இரண்டு டேக்கிலும் அலை மேலேறும் ஒரே கட்டத்தைப் பொருத்தி, கிராஸ்ஃபேடை 20, 30 மில்லிசெகண்டாக நீட்டுங்கள். 'டக்' சத்தம் வருவது, அலை மேலே இருக்கும்போது வெட்டி, கீழே இருக்கும் இடத்தில் ஒட்டுவதால்.

வரிக்கு முன் வரும் மூச்சையும் சேர்த்தே எடுங்கள். ஒரு டேக்கின் மூச்சுக்குப் பின்னால் இன்னொரு டேக்கின் வார்த்தை வந்தால் வேகம் பொருந்தாது. மூச்சு உரக்கக் கேட்டால் 6 முதல் 10 டெசிபல் குறையுங்கள். முழுதாக அழித்தால் பொம்மை பாடுவதுபோல் ஆகும். ஒட்டி முடித்ததும் குரலை ஒரே ஃபைலாக எழுதி வைத்து, டேக்குகளை மறைத்துவிடுங்கள். கண்ணில் பட்டால் மறுபடி நோண்டத் தோன்றும்.

கேள்வி: நண்பர் அனுப்பிய டிராக்கை என் ப்ராஜெக்டில் போட்டால் வேகமாகவும் சுருதி ஏறியும் ஓடுகிறது. ஏன்?

பதில்: அவர் 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்திருப்பார், உங்கள் ப்ராஜெக்ட் 48-இல் இருக்கும். மென்பொருள் மாற்றிக்கொள்ளாமல் அப்படியே ஓட்டினால் வேகம் ஏறக்குறைய 9 சதவீதம் கூடும், சுருதி ஒன்றரை அரைஸ்வரம் ஏறும். ஃபைலை உள்ளே இறக்கும்போது 'ப்ராஜெக்டுக்கு ஏற்ப மாற்று' என்ற வாய்ப்பைத் தேர்வு செய்யுங்கள். இனி வேலை தொடங்கும் முன்பே சேம்பிள் ரேட்டையும் டெம்போவையும் இருவரும் எழுதிப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

அனுப்பும் ஒவ்வொரு ஃபைலும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும், அந்தக் கருவி மூன்றாவது நிமிடத்தில்தான் நுழைகிறது என்றாலும். பெயர் 'பாட்டு_குரல்1_92பிபிஎம்_48' என்ற மாதிரி இருக்கட்டும். 'ஃபைனல்', 'புது ஃபைனல்' வேண்டாம். எம்பி3 அனுப்பாதீர்கள்: அதன் தொடக்கத்தில் சிறு வெற்றிடம் சேர்ந்து தாளம் நகரும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.6 மெகாபைட், 12 டிராக், 5 நிமிடப் பாட்டு என்றால் 520 மெகாபைட்டுக்குள் அடங்கும். அன்றன்று வேலை முடிந்ததும் முழு ஃபோல்டரையும் வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி, இணையச் சேமிப்பில் ஒரு பிரதி. ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் பிரதி எடுப்பவர்கள் உண்டு. அதில் ஒலி இருக்காது, எந்த ஒலி எங்கே என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும்.

கேள்வி: மிக்ஸிங்கை எப்போது தொடங்குவது? எவ்வளவு சத்தமாக முடிப்பது?

பதில்: எடிட்டிங் முற்றிலும் முடிந்த பிறகு, வேறொரு நாளில். பஃபரை 1024-க்கு ஏற்றிவிட்டு, முதல் அரை மணி நேரம் ஃபேடர்களையும் பேனையும் மட்டும் நகர்த்துங்கள். பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கும் அளவுக்குத்தான் ஒலி இருக்க வேண்டும். உரக்க வைத்தால் அடிச்சத்தமும் கூர்மையும் காதுக்குக் கூடுதலாகத் தெரியும். மறுநாள் மெதுவாகக் கேட்கும்போது பாட்டு வெறும் நடுப்பகுதியாக நிற்கும். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, கம்ப்ரெசரை (உரத்த இடங்களைத் தணிக்கும் கருவி) 3:1 விகிதத்தில் உரத்த இடங்களில் 3 முதல் 6 டெசிபல் குறையும்படி வைத்தால் பெரும்பாலும் போதும். மோனோவில் (இரு பக்கமும் ஒன்றாக்கி) ஒரு முறை கேட்டு எதுவும் காணாமல் போகவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

சத்தப் போட்டியில் இறங்க வேண்டாம். ஸ்பாட்டிஃபை சாதாரண அமைப்பில் எல்லாப் பாட்டையும் -14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குத் தெரியும் சராசரி உரப்பின் அலகு) அளவுக்குக் கொண்டுவருகிறது, நீங்கள் -8-இல் ஏற்றினால் 6 டெசிபல் குறைத்துவிடும், நசுக்கிய நசுக்கல் மட்டும் மிஞ்சும். ட்ரூ பீக் (அலையின் உண்மையான உச்சி) -1 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். கடைசி ஃபைலை 24 பிட் வேவாக எடுத்து, தொடக்கத்தில் முதல் எழுத்து வெட்டுப்படவில்லையா, முடிவில் ரிவெர்ப் முழுதாக அடங்குகிறதா என்று ஹெட்போனில் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.